பனிக்குட நீர்: குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வெளியே வரும் கர்ப்பிணியின் கையிலுள்ள அறிக்கையில், குழந்தையின் எடை, இதயத் துடிப்பு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு நடுவே 'லிக்கர்' (பனிக்குட நீர்) என்று ஒரு வரியும் அதனருகே ஓர் எண்ணும் இருக்கும். "தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது" என்று மருத்துவர் சொன்ன நொடியிலிருந்து வீட்டில் கவலை தொடங்கிவிடுகிறது. ஒருவர் இளநீர் வாங்கி வருகிறார். இன்னொருவர் தமக்குத் தெரிந்த பெண்ணுக்கு இதே காரணத்தால் அவசரமாக அறுவை சிகிச்சை செய்ததை நினைவுகூர்கிறார். கர்ப்பிணியோ தான் சரியாகத் தண்ணீர் குடிக்காததால்தான் இப்படி ஆனது என்று தன்னையே நொந்துகொள்கிறார். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் யாரும் நிதானமாக விளக்குவதில்லை.

பனிக்குட நீர் குறைவதும் கூடுவதும் தனி நோய்கள் அல்ல. குழந்தையின் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது, குழந்தை விழுங்குகிறதா, நஞ்சுக்கொடி வழியாக அதற்குப் போதிய ரத்தம் போகிறதா, தாயின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்பனவெல்லாம் வந்து பதியும் ஒரு தடயமே அந்த நீரின் அளவு. ஆகவே ஒரே எண் இரண்டு பெண்களின் அறிக்கையில் வந்தாலும், அவர்களுடைய உடல்நிலையையும் கர்ப்பத்தின் வாரத்தையும் பொறுத்து இரு வேறு பொருள் தரக்கூடும்.

பனிக்குடம் என்றால் என்ன?

கருப்பைக்குள் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வுப் பையைத் தமிழில் நெடுங்காலமாகப் பனிக்குடம் என்று அழைத்து வருகிறோம். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு சவ்வுகளால் ஆன அந்தப் பைக்குள் இருக்கும் நீரில் 98 சதவீதத்துக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். எஞ்சியவை உப்புகள், புரதம், குழந்தையின் தோலிலிருந்து உதிர்ந்த செல்கள், மென்மயிர் போன்றவை.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் சில வாரங்களில் தாயின் ரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி சவ்வுகளின் வழியே ஊடுருவி வருகிறது. ஏறக்குறைய 10 முதல் 12 வாரங்களில் குழந்தையின் சிறுநீரகங்கள் சிறுநீரை உண்டாக்கத் தொடங்குகின்றன. 16 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. நுரையீரலிலிருந்து வெளிவரும் திரவமும் அதனோடு சேர்கிறது. அதே நேரத்தில் குழந்தை அந்த நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு பகுதி நஞ்சுக்கொடியின் மேற்பரப்பிலுள்ள ரத்தக் குழாய்களுக்குள் உறிஞ்சப்படுகிறது. ஊறுவதும் இறைப்பதும் சமமாக நடக்கும் கிணற்றைப் போன்றது இது. 10 வாரத்தில் 30 மில்லி அளவுக்கு இருக்கும் நீர் 16 வாரத்தில் 200 மில்லியை எட்டி, 34 முதல் 36 வாரங்களுக்குள் 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை உயர்ந்து, பிரசவத் தேதியை நெருங்கும்போது இயல்பாகவே குறையத் தொடங்குகிறது. நாள் கடந்த கர்ப்பத்தில் நீர் வற்றுவதாகச் சொல்வது இதனால்தான்.

குழந்தையை அதிர்ச்சியிலிருந்து காப்பது மட்டுமே இந்த நீரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமானது நுரையீரல் வளர்ச்சி. குழந்தை கருப்பைக்குள் மூச்சு விடுவதுபோன்ற அசைவுகளைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் நுரையீரல் திரவத்தால் நிரம்பி விரிந்திருந்தால்தான் காற்றறைகள் உருவாகும், அதற்குச் சுற்றிலும் போதிய நீர் இருக்க வேண்டும். கைகால்களை நீட்டி மடக்க இடம் தருவதும், தொப்புள்கொடி நசுங்காமல் மிதக்க வைப்பதும், வெப்பநிலையைச் சீராக வைப்பதும் இதே நீர்தான். கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் இதில் உண்டு.

அளக்கும் முறை

ஒரு பைக்குள் இருக்கும் நீரை வெளியே எடுக்காமல் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், ஸ்கேனில் தெரியும் நீர்த் தேக்கங்களின் ஆழத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். இதற்கு இரண்டு முறைகள் உள்ளன. தாயின் வயிற்றைத் தொப்புளை மையமாகக் கொண்டு நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான தேக்கத்தை அளந்து கூட்டுவது ஒன்று. 1987 முதல் புழக்கத்தில் உள்ள இந்தக் கூட்டுத்தொகையே அறிக்கைகளில் 'ஏ.எஃப்.ஐ.' என்று குறிப்பிடப்படுகிறது. அது 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் நீர் குறைவு என்றும், 24 அல்லது 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் நீர் அதிகம் என்றும் கொள்கிறார்கள். மற்றொரு முறையில், எல்லாவற்றிலும் ஆழமான ஒரேயொரு தேக்கத்தை மட்டும் அளப்பார்கள். அது 2 செ.மீ.க்குக் குறையாமலும் 8 செ.மீ.க்கு மிகாமலும் இருந்தால் இயல்பு.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நான்கு பகுதிகளையும் கூட்டும் முறையில் 'நீர் குறைவு' என்று முத்திரை குத்தப்படும் பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது, அதனால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பதும் கூடுகிறது, ஆனால் பிறக்கும் குழந்தைகளின் நலம் அதற்கேற்ப மேம்படவில்லை என்று தெரியவந்தது. குழந்தை படுத்திருக்கும் விதம், ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்தும் வலு, தாயின் உடலில் அன்றைக்கு இருந்த நீர்ச்சத்து ஆகியவற்றால் அளவு ஓரளவு மாறும். ஆகவே 8 என்ற எண் அடுத்த வாரம் 7 ஆனது என்பதைக் கேட்டுத் தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை. 12 என்றிருந்தது இரண்டு வாரத்தில் 5க்கு இறங்கியது என்றால் கட்டாயம் காரணம் தேட வேண்டும்.

சிக்கல் மிகுந்த கர்ப்பம் யாருக்கு?

'ஹை ரிஸ்க்' என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ கெடுதல் நடக்கப்போகிறது என்று அஞ்சுவது இயல்பு. இயல்பைவிட அடிக்கடி பார்க்க வேண்டிய, வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டிய கர்ப்பம் என்பதே அதன் நடைமுறைப் பொருள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் பெறும்போதே கிராம சுகாதாரச் செவிலியர் கேட்கும் கேள்விகள் பலவும் இதைக் கண்டறிவதற்கானவைதான். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமில், சிக்கல் மிகுந்த கர்ப்பம் என்று கண்டறியப்பட்டவர்களின் அட்டையில் சிவப்பு ஒட்டி ஒட்டுகிறார்கள். அதை ஒரு குறையாக எண்ணி மறைக்க முயல்பவர்களும் உண்டு; நள்ளிரவில் அறிமுகமில்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே பணியில் இருப்பவரின் கண்ணில் முதலில் பட வேண்டியது அந்தச் சிவப்பு நிறம்தான்.

மிக இளம் வயது அல்லது 35 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பம், 140 செ.மீ.க்குக் குறைந்த உயரம், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய கடும் ரத்தசோகை, 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட ரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு, இதய நோய், இரட்டைக் குழந்தைகள், முந்தைய அறுவைப் பிரசவம், முன்பு குறைமாதத்தில் பிறந்த அல்லது வயிற்றிலேயே இறந்த குழந்தை, தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகையில் ஒவ்வாமை என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் எல்லாமே பனிக்குட நீரைப் பாதிப்பதில்லை. உயரக் குறைவு பிரசவ வழியைப் பற்றிய கவலை. நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரத்த அழுத்தம் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நீரையும் குறைக்கிறது. நீரிழிவு நீரைக் கூட்டுகிறது. இரட்டைக் குழந்தைகள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டால் ஒரு குழந்தையின் பையில் நீர் கூடி மற்றொன்றில் வற்றலாம். எந்தக் காரணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அறிந்தால், எதை எதிர்பார்த்து எப்போது ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

நீர் குறையும்போது

மருத்துவ மொழியில் இதை 'ஓலிகோஹைட்ராம்னியாஸ்' என்பார்கள். எந்த மாதத்தில் குறைந்தது என்பதே இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில், அதாவது 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் உறுப்புக் குறை ஸ்கேனில் நீர் மிகவும் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால், நிலைமை தீவிரமானது. குழந்தைக்கு இரு சிறுநீரகங்களும் உருவாகாமல் போயிருக்கலாம்; ஆண் குழந்தையானால் சிறுநீர் வெளியேறும் பாதையில் தடுப்புச் சவ்வு இருந்து சிறுநீர் தேங்கியிருக்கலாம்; அல்லது பனிக்குடத்தில் எங்கோ கசிவு ஏற்பட்டிருக்கலாம். 16 வாரத்துக்கு முன்பு நீரின் அளவு குழந்தையின் சிறுநீரைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. அதனால் மூன்றாம் மாத ஸ்கேனில் நீர் சரியாக இருந்தது என்பது சிறுநீரகங்கள் சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. நுரையீரலின் காற்றறைகள் உருப்பெறும் காலத்தில் நீர் இல்லாமல் போனால் நுரையீரல் வளர்ச்சி குன்றிவிடும் என்பதே இந்த மாதங்களில் உள்ள பெரிய ஆபத்து. இரு சிறுநீரகங்களும் இல்லாத குழந்தைகளிடம் காணப்படும் தட்டையான முகமும் வளைந்த கைகால்களும் நீரில்லாத நெருக்கடியால் வந்தவையே என்பது பின்னாளில் தெளிவானது. 1946இல் இந்தக் குழந்தைகளை விரிவாக விவரித்த அமெரிக்க நோயியல் மருத்துவர் எடித் பாட்டரின் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்குகிறது.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு நீர் குறைந்தால் யோசிக்க வேண்டியவை வேறு. தாய்க்கு ரத்த அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் கழியும் பிரிஎக்லாம்ப்சியா போன்ற நிலைகளில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. குழந்தையின் உடல் அப்போது, கிடைக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பிவிட்டுச் சிறுநீரகத்துக்கு அளந்து தருகிறது. சிறுநீர் குறைய, பனிக்குட நீரும் குறைகிறது. வருமானம் சுருங்கிய வீட்டில் அரிசியையும் மருந்தையும் மட்டும் நிறுத்தாமல் மற்றதையெல்லாம் சுருக்கிக்கொள்வார்களே, அதைப் போன்றது இது. இந்தச் சூழலில் மருத்துவர் நீரின் அளவோடு நின்றுவிடாமல் குழந்தையின் வளர்ச்சியையும், டாப்ளர் ஸ்கேன் மூலம் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கிறார். நீர் குறைந்திருந்தும் எடை சரியாக இருந்து ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும் குழந்தையின் நிலை வேறு. மூன்றும் சேர்ந்து குறைந்திருக்கும் குழந்தையின் நிலை வேறு.

மருந்துகளைப் பற்றி இங்கே சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தவிர்க்கக்கூடிய காரணம் இதுதான். முதுகுவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்து நீரை வற்றச் செய்யக்கூடும்; 20 வாரங்களுக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ரத்த அழுத்தத்துக்காக எனாலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான் வகை மாத்திரைகளை எடுத்து வருபவர்கள், கருவுற்றது தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்லி லபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பாதுகாப்பான மருந்துகளுக்கு மாற வேண்டும். அதே நேரம், பிரிஎக்லாம்ப்சியாவைத் தடுப்பதற்காக மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினையும் வலி நிவாரணி என்று எண்ணித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மேற்சொன்ன எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது.

தண்ணீர் குடித்தால் நீர் கூடுமா என்ற கேள்விக்கு, ஓரளவு கூடும் என்பதே நேர்மையான விடை. சில மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்த பெண்களுக்கு ஏ.எஃப்.ஐ. அளவு கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெயில் காலத்தில் வேலை செய்து உடல் வறண்ட பெண்ணுக்கு இது நல்ல பலன் தரும். ஆனால் நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டமே குறைந்திருக்கும்போதோ பனிக்குடம் கசிந்துகொண்டிருக்கும்போதோ எத்தனை குடம் குடித்தாலும் மூல காரணம் மாறாது. தண்ணீரையும் மோரையும் இளநீரையும் தாராளமாகக் குடிக்கலாம், நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் பழச்சாறுகளை இதற்காகக் கூட்டிவிடக் கூடாது. குடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. தான் தண்ணீர் குடிக்காததே காரணம் என்று தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்ளும் பெண்ணிடம், பெரும்பாலான நேர்வுகளில் காரணம் அதுவல்ல என்பதைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வேறு எந்தக் குறையும் இல்லாமல் நீர் மட்டும் குறைவாக இருந்தால், பொதுவாக 36 வாரம் நிறைந்த பிறகே பிரசவத்தைப் பற்றி முடிவெடுப்பார்கள். அதுவரை வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஸ்கேனும் குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவும் நடக்கும். வீட்டில் தாய் செய்ய வேண்டியது, அசைவைக் கவனிப்பது. உணவுக்குப் பின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவுகளாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், வழக்கமான துள்ளல் குறைந்துவிட்டதாக உள்ளுணர்வு சொன்னாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நீர் குறைவு என்ற காரணத்தால் மட்டும் அறுவைப் பிரசவம் கட்டாயமில்லை. வலியின்போது தொப்புள்கொடி நசுங்கிக் குழந்தையின் துடிப்பு இறங்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், தொடர்ந்து கண்காணிக்கும் வசதியுள்ள இடத்தில் இயல்பான பிரசவத்தை முயலலாம்.

நீர் கூடும்போது

'பாலிஹைட்ராம்னியாஸ்' என்று அறிக்கையில் வரும் இந்த நிலையில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அவர்களுள் பெரும்பாலோருக்கு நீர் சற்றே அதிகமாக இருக்கும், குழந்தையும் நலமாகப் பிறக்கும். காரணம் தெரிந்தவற்றுள் முதலில் நிற்பது நீரிழிவு. தாயின் ரத்தச் சர்க்கரை கூடும்போது குழந்தையின் சர்க்கரையும் கூடி, நீரிழிவுள்ள பெரியவர்களைப் போலவே குழந்தையும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது. கர்ப்பகாலத்தில் வரும் நீரிழிவைக் கண்டறிய, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, சாப்பிட்டிருந்தாலும் செய்யத்தக்கது. வெறும் வயிற்றோடு மீண்டும் வாருங்கள் என்று அனுப்பினால் தொலைவிலிருந்து பேருந்தில் வந்த பெண் திரும்பி வராமலே போய்விடக்கூடும் என்ற நடைமுறை அறிவு அதில் இருக்கிறது. இம்முறையை வலியுறுத்திப் பரவச் செய்தவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா, அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

குழந்தை விழுங்க முடியாமல் போவது இரண்டாவது காரணம். உணவுக்குழாயோ முன்சிறுகுடலோ அடைபட்டிருந்தாலும், மூளை வளர்ச்சிக் குறையால் விழுங்கும் திறன் இல்லாவிட்டாலும், ஊறும் நீர் இறைக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். ரத்த வகை ஒவ்வாமையால் குழந்தைக்கு ரத்தசோகை ஏற்பட்டாலும் நீர் கூடுகிறது. நீர் அதிகம் இருந்த குழந்தைக்குப் பிறந்த பின் முதல் பால் கொடுப்பதற்கு முன்பு, மெல்லிய குழாயை வாய் வழியே இரைப்பை வரை செலுத்தி வழி சரியாக இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்ப்பார். அதைக் கண்டு உறவினர்கள் பதற வேண்டாம்.

தாய்க்கு வயிறு அளவுக்கு மீறி இறுகும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். விரிந்த கருப்பை முன்கூட்டியே சுருங்கத் தொடங்கிக் குறைமாதப் பிரசவம் நேரலாம். குழந்தை நிலைகொள்ளாமல் குறுக்கே திரும்பிக் கிடக்கலாம். பனிக்குடம் திடீரென உடைந்து நீர் பாயும்போது தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் இறுகாமல் தளர்ந்து கிடந்தால் ரத்தப்போக்கு கூடும், ஆகவே ரத்த வங்கி வசதியுள்ள இடத்தில் பிரசவம் பார்ப்பது நல்லது. மூச்சு விடவே முடியாத அளவுக்கு நீர் சேர்ந்தால் ஊசி வழியே சிறிது சிறிதாக வெளியேற்றுவதும் உண்டு. லேசாக மட்டும் கூடியிருந்து காரணம் எதுவும் இல்லையென்றால், 39 வாரத்துக்கு முன்பு அவசரப்பட்டு வலி வரவழைக்க வேண்டியதில்லை.

பனிக்குடம் நேரத்துக்கு முன்பே உடைந்தால்

வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைவது, மாதம் நிறைந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நடக்கிறது. அவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் வீதம் 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி கண்டுவிடுகிறார்கள். 37 வாரத்துக்கு முன்பு உடைவதுதான் கவலைக்குரியது. இது நூற்றில் மூவர் அளவுக்கு நேர்கிறது. முந்தைய கர்ப்பத்திலும் இவ்வாறு உடைந்திருத்தல், குட்டையான கருப்பைவாய், நடுமாதங்களில் ரத்தக்கசிவு, சிறுநீர்ப் பாதை மற்றும் பிறப்புறுப்புத் தொற்றுகள், இரட்டைக் குழந்தைகள், மிகையான நீர் ஆகியவை இதற்கு வழி வகுக்கின்றன.

கதைகளில் வருவதுபோல் எப்போதும் குடம் கவிழ்ந்தாற்போல நீர் கொட்டுவதில்லை. பல நேரங்களில் உள்ளாடை அடிக்கடி நனைவதாக மட்டுமே தெரியும். கர்ப்பத்தில் சிறுநீர் கசிவதும் வெள்ளைப்படுவதும் இயல்பு என்பதால், பெண்கள் இதை அதுவென்று எண்ணி நாள்களைக் கடத்திவிடுகிறார்கள். சிறுநீரை முயன்றால் அடக்கலாம், பனிக்குட நீரை அடக்க முடியாது. எழுந்து நின்றாலோ இருமினாலோ அது மீண்டும் வழியும். சிறுநீரின் நெடி இருக்காது. சந்தேகம் வந்தால் சுத்தமான துணியையோ நாப்கினையோ வைத்துக்கொண்டு, அது நனைந்த நேரத்தையும் நிறத்தையும் குறித்து, அதை அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது நல்லது. அங்கே கிருமி நீக்கிய கருவியால் பிறப்புறுப்பை விரித்து, நீர் தேங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தால் பனிக்குட நீர் பெரணி இலையைப் போன்ற கோலத்தைக் காட்டும். வலி தொடங்காத நிலையில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைத் தவிர்ப்பார்கள், ஏனெனில் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் இருக்கும்போதும் இதே காரணத்துக்காக உடலுறவையும், பிறப்புறுப்புக்குள் எதையும் செலுத்துவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

குறைமாதத்தில் உடைந்துவிட்டால் மருத்துவர் இரண்டு அபாயங்களுக்கு நடுவே வழி தேடுகிறார். குழந்தையை உடனே வெளியே எடுத்தால் நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சுத்திணறும். உள்ளே விட்டு வைத்தால் தொற்று ஏறலாம். தொற்றின் அறிகுறியும் பிற ஆபத்தும் இல்லையென்றால் 34 வாரம் வரை பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். தாய் மருத்துவமனையிலேயே தங்கிக் காய்ச்சல், நாடித்துடிப்பு, நீரின் நாற்றம், வயிற்றில் தொட்டால் வலி ஆகியவற்றுக்காகக் கண்காணிக்கப்படுவார். தொற்றைத் தள்ளிப்போட நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தரப்படும். கூடவே குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசிகள் தாய்க்குப் போடப்படுகின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹௌவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் இட்டது. இந்திய அரசு மருத்துவமனைகளில் டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுகிறார்கள். விலை மலிந்த இந்த மருந்து எத்தனையோ குறைமாதக் குழந்தைகளை மூச்சுவிட வைத்திருக்கிறது என்பதை எண்ணும்போது, அதைப் போட்டுக்கொள்ளப் போதிய நேரம் கிடைக்கும்படி உடைந்த உடனே மருத்துவமனைக்கு வந்துசேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். குறைமாதத்தில் பனிக்குடம் உடைந்தவர்களில் பாதிப் பேராவது ஒரு வாரத்துக்குள் பிரசவித்துவிடுகிறார்கள்.

நீரோடு சேர்ந்து கயிறுபோல ஏதாவது பிறப்புறுப்பில் தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடியாக இருக்கலாம். அதைத் தொட்டு உள்ளே தள்ளாமல், தாயை முழங்காலிலும் முழங்கையிலும் ஊன்றி இடுப்பை உயர்த்தியபடி இருக்கச் செய்து 108ஐ அழைக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நிறம் மாறினால்

தெளிவாகவோ வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டிய நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், குழந்தை உள்ளேயே தன் முதல் மலத்தைக் கழித்துவிட்டது என்று பொருள். "குழந்தை மோஷன் போய்விட்டது" என்று மருத்துவமனை வாசலில் நாம் கேட்பது இதைத்தான். மாதம் நிறைந்து முதிர்ந்த குழந்தைகளிடம் இது இயல்பாகவும் நேரும், ஆக்சிஜன் குறைந்து தவிக்கும்போதும் நேரும். மாசுபட்ட நீரோடு பிறக்கும் குழந்தைகளில் சிறு பங்கினருக்கு மட்டுமே அது நுரையீரலுக்குள் போய்ச் சிக்கல் உண்டாக்குகிறது. பிறந்ததும் வீறிட்டு அழுது கைகால் அசைக்கும் குழந்தைக்குத் தனிச் சிகிச்சை எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. சிவப்பு நிறம் ரத்தக்கசிவைக் காட்டுவதால் அதற்குக் காத்திருப்பே கூடாது.

மிக அரிதாக, பல்லாயிரம் பிரசவங்களில் ஒன்றில், பனிக்குட நீர் தாயின் ரத்த ஓட்டத்தில் கலந்து திடீர் மூச்சுத்திணறலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் ரத்தம் உறையாமையும் ஏற்படுகின்றன. 1926இல் முதலில் குறிப்பிடப்பட்டு 1941இல் விரிவாக விவரிக்கப்பட்ட இந்த நிலையை முன்கூட்டி அறியவோ தடுக்கவோ இன்றும் வழியில்லை. அதை நினைத்து அஞ்சுவதால் பயனில்லை; மயக்க மருத்துவரும் ரத்தமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் பிரசவம் நடந்திருந்தால் தாயைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நீர் தொடர்பான சிக்கல் ஒரு கர்ப்பத்தில் வந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். முன்பு குறைமாதத்தில் பனிக்குடம் உடைந்தவருக்குக் கருப்பைவாயின் நீளத்தை நான்காம், ஐந்தாம் மாதங்களில் அளந்து பார்ப்பார்கள். பிரிஎக்லாம்ப்சியா வந்தவருக்கு 12 வாரத்திலிருந்தே ஆஸ்பிரின் தொடங்குவார்கள். கர்ப்பகால நீரிழிவு வந்தவருக்கு முதல் சந்திப்பிலேயே சர்க்கரையைப் பார்ப்பார்கள். இவை அனைத்துக்கும் அடிப்படை, முந்தைய பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளும் ஸ்கேன் அறிக்கைகளும். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் அவற்றை எங்கோ போட்டுவிடுவது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் அதே உறையில் அவற்றையும் சேர்த்து வைத்தால், வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த எண்களும் வாரங்களும் கூடவே வரும்.